சார்ஜ் என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சரியான பொருள் காணும் முறை: முழுமையான வழிகாட்டி

சேலத்தில் பதிவு அலுவலகம், நீதிமன்றம், வங்கி, மின் அலுவலகம் ஆகிய இடங்களிலிருந்து வரும் ஆங்கிலத் தாள்களைத் தமிழாக்கிக் கொடுக்கும் வேலையில் புதிதாக இறங்குகிறவர்களுக்கும், வீட்டுக்கு வந்த கடிதத்தைத் தாமே படித்து விளங்கிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இந்த வேலையில் அருஞ்சொற்களால் வரும் தவறு குறைவு. தெரியாத சொல்லைக் கண்டதும் எவரும் அகராதியைத் திறந்துவிடுகிறார். தெரிந்த சொல் என்று நினைத்து அகராதியைத் திறக்காமலே கடந்துபோகும் இடங்களில்தான் தாள் கெடுகிறது. அப்படிக் கெடுக்கும் சொற்களில் சார்ஜ் என்பதை முதலில் வைக்கலாம், ஏனென்றால் பேருந்துக்கும் கைபேசிக்கும் நாம் அதை நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்ய வேண்டும். அகராதி ஐந்தாவது படிக்குப் பிறகுதான் வருகிறது; காரணம் அந்த இடத்தில் சொல்லப்படும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முழுத் தாளும் வேண்டும். கைபேசியில் எடுத்த ஒரு பக்கப் படத்தை வைத்துக்கொண்டு தொடங்கக் கூடாது. தலைப்பு, அனுப்பிய அலுவலகத்தின் முத்திரை, இணைப்புகள், சொத்து அட்டவணை ஆகியவை இல்லாமல் இந்தச் சொல்லின் பொருளை உறுதிசெய்ய இயலாது.

அகராதிகள் இரண்டு வேண்டும்: பொதுவான ஆங்கிலம்-தமிழ் அகராதி ஒன்று, தமிழ் வளர்ச்சித் துறையின் ஆட்சிச் சொல்லகராதி மற்றொன்று. நீதிமன்றத் தாள் என்றால் சட்டச் சொல்லகராதியும் சேர வேண்டும். பொது அகராதி எல்லாப் பொருளையும் அடுக்கிக் காட்டும். எந்த அலுவலகத்தில் எது வழங்குகிறது என்பதை அது சொல்லாது.

ஒரு பென்சிலும் வேண்டும். தாள் முழுவதிலும் சார்ஜ் வரும் ஒவ்வோர் இடத்தையும் முதலில் வட்டமிட்டுக்கொள்ள வேண்டும். வங்கியின் கடன் ஒப்புதல் கடிதத்தில் இரண்டாம் பத்தியில் பரிசீலனைக் கட்டணம் என்ற பொருளிலும், ஐந்தாம் பத்தியில் சரக்கிருப்பின் மீது வங்கி கொள்ளும் உரிமை என்ற பொருளிலும் இதே சொல் வருவது வழக்கம். வட்டமிடாதவர் முதலிடத்தில் கண்ட பொருளையே கடைசிவரை இழுத்துக்கொண்டு போகிறார்.

2. தாள் எங்கிருந்து வந்தது என்று பார்த்தல்

அனுப்பியவர் யார் என்பது பொருள்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடும். மின் அலுவலகத்திலிருந்து வந்தால் பெரும்பாலும் கட்டணம். காவல் நிலையத்திலிருந்து வந்தால் குற்றச்சாட்டு. பணியாளர் பிரிவிலிருந்து வந்தால் பொறுப்பு அல்லது குறிப்பாணை. இயற்பியல் பாடநூலில் இருந்தால் மின்னூட்டம்.

ஆனால் இந்தப் படி குறைக்க மட்டுமே செய்யும், முடிவு செய்யாது. அரசு அலுவலகத்தின் ஒரே கோப்பில் ஒருவர் பொறுப்பேற்ற அறிக்கையும், அவருக்கு முன்னிருந்தவர் மீதான குற்றச்சாட்டும், கட்டட வாடகைக் கட்டணமும் அடுத்தடுத்து இருக்கக்கூடும்.

3. பெயரா, வினையா, ஒருமையா, பன்மையா

பன்மையில் சார்ஜஸ் என்று வந்தால் பெரும்பாலும் கட்டணங்கள், குற்றச்சாட்டுகள், சொத்தின் மீதான கடன் பொறுப்புகள், ஒருவரின் பாதுகாப்பில் விடப்பட்ட ஆட்கள் என்பவற்றில் ஒன்றாக இருக்கும். பொறுப்பேற்றல் என்ற பொருளில் பன்மை வராது. இதைப் பார்த்துவிட்டால் பாதி வழி தானாக அடைபட்டுவிடும். வினையாக வந்தால் உடனே பொருள் சொல்ல முயலாமல் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

4. பின்னால் நிற்கும் சிறு சொல்லைப் பிடித்தல்

புதியவர்கள் மிகுதியாகத் தாண்டிப் போகும் படி இது. நாம் வேற்றுமை உருபில் காட்டுவதை ஆங்கிலம் தனிச் சிறு சொற்களால் காட்டுகிறது. ஆகவே அந்தச் சிறு சொல்லே பொருளின் திறவுகோல்.

ஃபார் என்று தொடர்ந்தால் விலை அல்லது கூலி. ஆன் என்று தொடர்ந்து சொத்தோ சரக்கோ வந்தால் அதன்மீது ஏறிய கடன் பொறுப்பு, சில இடங்களில் தீர்வை. டு என்று தொடர்ந்து கணக்கின் பெயர் வந்தால் அந்தக் கணக்கில் பற்று எழுதப்பட்டது. அட் என்று தொடர்ந்தால் பாய்ந்து வருதல்: ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் காட்டெருமை ஒருவரை நோக்கிப் பாய்ந்ததாக ஆங்கில நாளிதழ் எழுதும்போது இந்த வினையைத்தான் ஆளும்.

வித் என்று தொடர்ந்தால் நின்று பார்க்க வேண்டும். அதற்குப் பின் சட்டம் தடுத்த செயல் வந்தால் குற்றச்சாட்டு. செய்ய வேண்டிய கடமை வந்தால் பணி ஒப்படைப்பு. ஏற்காடு ஏரியைப் பார்வையிடும் பணி ஒரு குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது என்ற வாக்கியத்தை, ஏரியைப் பார்வையிட்டதாகக் குழுவின் மீது குற்றம் சாட்டப்பட்டது என்று எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். வித் வந்தாலே குற்றம் என்று மனப்பாடம் செய்துவைத்ததன் விளைவு அது.

இன் சார்ஜ் ஆஃப் என்பதும் இன் தி சார்ஜ் ஆஃப் என்பதும் நேர் எதிரானவை. காப்பாளர் குழந்தைகளைப் பொறுப்பில் வைத்திருக்கிறார் என்பது முன்னது. அதே சொற்களின் இடையில் தி என்ற சிறு சொல் புகுந்துவிட்டால், முன்னால் வரும் ஆள் பின்னால் வரும் ஆளின் பொறுப்பில் இருக்கிறார் என்று திசை மாறிவிடும். தமிழில் அந்தச் சிறு சொல்லுக்கு நிகர் இல்லாததால் நம் கண் அதைக் கவனிப்பதில்லை. ஆகவே இந்தத் தொடர் வந்தால் விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படிப்பது நல்லது.

5. யார், எதை, யார் மீது ஏற்றுகிறார் என்று கேட்டல்

இந்தச் சொல் பிறந்த இலத்தீன் வினைக்கு வண்டியில் சுமை ஏற்றுதல் என்று பொருள். வரலாற்றில் இதற்கு மேல் நமக்குத் தேவையில்லை. இந்தத் துளி மட்டும் வேலைக்கு உதவும். ஏறத்தாழ எல்லாப் பொருளிலும் ஒருவர் ஒன்றை மற்றொன்றின் மீது ஏற்றுகிறார்: வாங்குபவர் மீது விலை, சொத்தின் மீது கடன், எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) மீது குற்றம், அலுவலர் மீது பொறுப்பு, மின்கலத்தில் மின்சாரம், உலையில் கனிமம். பாய்ந்து வரும் காட்டெருமை மட்டும் இந்த வரிசைக்குள் அடங்குவதில்லை. அதை நான்காவது படியே பிடித்துவிட்டது.

வட்டமிட்ட ஒவ்வோர் இடத்தின் ஓரத்திலும் ஏற்றுபவர், ஏற்றப்படுவது, சுமப்பது ஆகிய மூன்றையும் தமிழில் எழுதிவிட வேண்டும். மூன்றில் ஒன்று கிடைக்காவிட்டால் முன் பத்திகளுக்குத் திரும்பித் தேட வேண்டும். மூன்றும் கிடைத்த பிறகு அகராதியைத் திறந்தால், பத்துப் பொருள்களில் ஒன்று மட்டுமே அந்த மூன்றோடு பொருந்துவதைக் காணலாம். முதலிலேயே திறந்தவர் பட்டியலின் தலையில் உள்ள பொருளை எடுத்துக்கொள்கிறார். அகராதியைப் பிந்தி வைத்ததன் காரணம் இதுதான்.

6. கட்டணம் என்ற பொருள் வரும் இடங்கள்

இது எளிது. தொழில் இணைப்பின் மின்பட்டியலில் இரண்டு சொற்களை மட்டும் கலக்காமல் இருந்தால் போதும். ஒப்புதல் பெற்ற மின்பளுவுக்காக, தறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டியது நிலைக்கட்டணம். பயன்படுத்திய அலகுகளுக்குக் கட்டுவது மின் நுகர்வுக் கட்டணம். கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் ஒரு மாதம் பட்டறையை மூடியும் தொகை வந்திருக்கிறதே என்று தாளை நீட்டும்போது, இரண்டையும் ஒரே கட்டணமாக எழுதிக் கொடுத்தால் அவருடைய கேள்விக்கு விடை கிடைக்காது.

கட்டணமில்லாமல் என்ற பொருளில் வரும் ஃப்ரீ ஆஃப் சார்ஜ் என்ற தொடரை இலவசம் என்று எழுதலாம். அதே தொடருக்கு அருகில் சொத்தின் பெயர் இருந்தால் நிறுத்திவிட்டு அடுத்த பகுதியைப் படிக்க வேண்டும்.

7. சொத்தின் மீது ஏறிய பொறுப்பு

இந்தப் பொருளைத் தவறவிட்டால் பணம் போகும். ஆகவே இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 100-ஆவது பிரிவின்படி, ஒருவருடைய அசையாச் சொத்து, தரப்பினரின் செயலாலோ சட்டத்தின் இயக்கத்தாலோ, மற்றொருவருக்குச் சேர வேண்டிய பணத்துக்குப் பிணையமாக ஆக்கப்பட்டு, அந்த நடவடிக்கை அடமானமாகவும் இல்லாவிட்டால், அந்தச் சொத்தின் மீது சார்ஜ் இருக்கிறது. அடமானத்தில் சொத்தில் உள்ள ஓர் உரிமையே கடன் கொடுத்தவருக்கு மாற்றப்படுகிறது. இங்கே உரிமை மாறுவதில்லை, பணம் பெறும் வழியாகச் சொத்து நிற்கிறது. எனவே இதனை அடமானம் என்று எழுதுவது தவறு. சொத்தின் மீதான கடன் பொறுப்பு என்று எழுதினால் பொருள் நிற்கும். உரிமை மூல ஆவணங்களை வங்கியில் ஒப்படைத்துப் பெறும் கடனை எம்.ஓ.டி. என்று ஊரில் சொல்கிறோமே, அது அடமானத்தின் ஒரு வகை. அதையும் இதையும் ஒன்றாக்கக் கூடாது.

ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றின் பழைய ஆங்கிலப் பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். மூத்தவரின் விதவை மனைவிக்கு மாதந்தோறும் கொடுக்க வேண்டிய மெயின்டெனன்ஸ் தொகை, பி அட்டவணைச் சொத்தின் மீது சார்ஜாக இருக்கும் என்று அதில் எழுதியிருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் மாதந்தோறும் மெயின்டெனன்ஸ் சார்ஜ் கட்டிப் பழகியவர் இதனைப் பராமரிப்புக் கட்டணம் என்று எழுதிவிடுகிறார். உண்மையில் முதற்சொல் ஜீவனாம்சம். இரண்டாவது சொல், அந்த ஜீவனாம்சத்துக்குச் சொத்து பிணையமாக நிற்கிறது என்பது. ஒரு பெண்ணின் உயிர்வாழ்வுக்காகச் சொத்தில் கட்டப்பட்ட பாதுகாப்பு, தமிழாக்கத்தில் குப்பை அள்ளும் செலவாகக் குறுகிப்போகிறது.

இதன் விளைவும் சிறியதன்று. சட்டம் வேறு விதமாக வெளிப்படச் சொல்லியிருந்தாலொழிய, இத்தகைய பொறுப்பு இருப்பதை அறியாமல் விலை கொடுத்து வாங்கியவர் கையில் உள்ள சொத்தின் மீது அதனை அமல்படுத்த முடியாது என்று அதே 100-ஆவது பிரிவு கூறுகிறது. ஆகவே வாங்குபவர் அறிந்திருந்தாரா என்பதே வழக்கில் கேள்வியாகிறது. அவர் கையில் இருந்தது நீங்கள் எழுதிய தமிழாக்கமாக இருக்கலாம். விற்பவருக்கு விலையில் பாக்கி இருந்தால், உரிமை மாறிய பிறகும் அந்தப் பாக்கிக்காக அவருக்குச் சொத்தின் மீது இதே வகைப் பொறுப்பு உண்டு என்று 55-ஆவது பிரிவு சொல்வதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நிறுவனங்களின் தாளில் ஃபிக்ஸ்டு சார்ஜ், ஃபுளோட்டிங் சார்ஜ் என்ற இணை வரும். மின்பட்டியலைப் பார்த்துப் பழகிய கை முதலாவதை உடனே நிலைக்கட்டணம் என்று எழுதும். இங்கே அது குறிப்பிட்ட இயந்திரம் அல்லது கட்டடத்தின் மீது நிலையாக நிற்கும் பொறுப்பு. மற்றது, நாள்தோறும் மாறிக்கொண்டிருக்கும் சரக்கிருப்பு போன்றவற்றின் மீது மிதந்து நின்று, கடன் தவறும்போது உள்ளதன் மீது படிந்துவிடும் பொறுப்பு. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 77-ஆவது பிரிவு இவற்றை 30 நாள்களுக்குள் பதிவுசெய்யச் சொல்கிறது. எனவே தாளில் நிறுவனப் பதிவாளரின் பெயர் தென்பட்டால் கட்டணம் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம்.

8. குற்றம் தொடர்பான பொருள்

இங்கே ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு தாள்கள் அழைக்கப்படுகின்றன. எழுதியவர் யார் என்பதை வைத்துப் பிரிக்க வேண்டும்.

முதலாவது சார்ஜ் ஷீட், அதாவது குற்றப்பத்திரிகை. புலனாய்வு முடிந்து காவல்துறை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் அறிக்கை இது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 193-ஆவது பிரிவு, அதற்கு முந்தைய பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173.

இரண்டாவது, நீதிமன்றமே வனையும், அதாவது முறைப்படி வகுத்து எழுதும், குற்றச்சாட்டு. அதன் வடிவமும் உள்ளடக்கமும் 234-ஆவது பிரிவில் உள்ளன. பழைய எண் 211. காவல்துறை எழுதிய பிரிவுகள் எல்லாவற்றையும் நீதிமன்றம் ஏற்க வேண்டியதில்லை. ஆகவே குற்றச்சாட்டு வனையப்பட்டது என்பதைக் குற்றப்பத்திரிகை தாக்கலானது என்று எழுதினால் வழக்கு ஒரு படி பின்னால் போய்விடும். வாய்தாவுக்கு வருபவர் தம் வழக்கு எங்கே நிற்கிறது என்று அறியாமல் அலைவார். 2024 ஜூலை 1-க்கு முந்தைய தாளில் பழைய எண் இருக்கும்; பிந்தைய தாளில் பெரும்பாலும் புதிய எண் இருக்கும், பழைய வழக்கானால் பழைய எண்ணே இருக்கலாம். தாளில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும், மாற்றக் கூடாது.

மூன்றாவது சார்ஜ் மெமோ. அரசு ஊழியர்கள் 17பி வந்துவிட்டது என்று சொல்வது இதைத்தான். தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17-ஆவது விதியின் ஏ பிரிவு சிறு தண்டனைகளுக்கும் பி பிரிவு பெருந்தண்டனைகளுக்கும் உரியது. இதில் காவல்துறையும் இல்லை, குற்றவியல் நீதிமன்றமும் இல்லை. குற்றச்சாட்டுக் குறிப்பாணை என்று எழுத வேண்டும். குற்றப்பத்திரிகை என்று எழுதிவிட்டால், வீட்டில் உள்ளவர்கள் கைது என்றே எண்ணிக்கொள்கிறார்கள்.

லத்தி சார்ஜ் என்பதற்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை, அது தடியடி.

9. பொறுப்பு என்ற பொருள்

அலுவலர் மாறும்போது எழுதும் அறிக்கை பொறுப்பு ஒப்படைப்பு, பொறுப்பேற்பு என இரு பகுதி உடையது. முற்பகலா பிற்பகலா என்ற குறிப்பை விடக் கூடாது, சம்பளக் கணக்கு அதைப் பொறுத்தது. வேறொருவரின் பணியிடத்தையும் சேர்த்துக் கவனிப்பவருக்கு முழுக் கூடுதல் பொறுப்பு என்று எழுதுவது மரபு.

ஏற்காட்டு விடுதிப் பள்ளிகளின் பழைய பாணிக் கடிதங்களில் மட்டும் ஒரு பொறி இருக்கிறது. எங்கள் சார்ஜஸ் சனிக்கிழமை மாலைப் பேருந்தில் சேலம் வந்து சேரும் என்று விடுதிக் காப்பாளர் எழுதினால், வருவது கட்டணப் பட்டியல் அன்று, பிள்ளைகள். ஒருவரின் காவலில் விடப்பட்டவர்களையும் ஆங்கிலம் இந்தச் சொல்லால் அழைக்கும். பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டிய பெற்றோர் பணம் தேடிக்கொண்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது.

10. தொழிற்கூடம், சுரங்கம், பாடநூல்

மின்கலத்தில் மின்சாரத்தை ஏற்றுவது மின்னேற்றம், அது தீர்வது மின்னிறக்கம். துகளின் பண்பாகக் கூலும் என்ற அலகில் அளப்பது மின்னூட்டம். முதலாவது செயல், கடைசியானது அளவு. பாடநூல் வழக்கு இது. மாணவருக்கு எழுதும்போது மாற்றக் கூடாது.

இரும்பாலைத் தாளில் உலைக்குள் இடும் தாது, கற்கரி, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றின் தொகுதி சார்ஜ். மின்வில் உலையில் அது பழைய இரும்பும் கலப்பு உலோகமும். உலையில் இடும் சரக்கு என்று சொன்னால் உருக்காலைத் தொழிலாளிக்கு விளங்கும். கல்குவாரியிலும் மாக்னசைட் சுரங்கத்திலும் அது துளைக்குள் நிரப்பும் வெடிமருந்து. பாதுகாப்பு அறிவிப்பில் இதனை மின்னேற்றம் என்று எழுதுவது உயிருக்கே ஆபத்தான பிழை. வெடிமருந்து நிரப்பிய துளையின் அருகே செல்லாதீர் என்பதற்குப் பதிலாக வேறேதோ படித்துவிட்டு ஒருவர் அருகே போய்விடுவார்.

11. முன்னொட்டுச் சேர்ந்த சொற்கள்

டிஸ்சார்ஜ் என்பது ஏற்றியதை இறக்குவது. ஐந்தாவது படியில் எழுதிய மூன்று குறிப்புகளும் இங்கும் செல்லும்: எது, எதிலிருந்து இறங்குகிறது?

மருத்துவமனையில் நோயாளி வீடு திரும்புவது. அதே குறிப்பேட்டில் புண்ணிலிருந்தோ காதிலிருந்தோ டிஸ்சார்ஜ் இல்லை என்றால் சீழ் வடியவில்லை என்பது. பின்னதைப் பார்த்து, வீட்டுக்கு அனுப்ப மறுக்கிறார்கள் என்று உறவினர் கொதிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வங்கியில் கடன் தீர்ந்தது. குற்றவியல் நீதிமன்றத்தில், குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே எதிரியை விடுவிப்பது; புதிய சட்டத்தில் 250, 262 ஆகிய பிரிவுகள். இதனை விடுதலை என்று எழுதக் கூடாது. விடுதலை விசாரணை முடிந்த பின் வருவது. விடுவிப்பு விடுதலைக்குச் சமமன்று என்று மறுவிசாரணைத் தடை பற்றிய பிரிவின் விளக்கமே கூறுகிறது.

மேட்டூர் அணையின் அறிக்கையில் நீர் வெளியேற்றம். அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., நீர்மட்டம் 120 அடி. ஆனால் வெளியேற்றம் கியூசெக்கில் தரப்படும், அது வினாடிக்கு ஒரு கன அடி. வினாடிக்கு என்ற சொல்லை விட்டுவிட்டு 10,000 கன அடி நீர் திறப்பு என்று எழுதினால் அது ஒரு சிறு குட்டையின் நீராகிவிடும். வினாடிக்கு 10,000 கன அடி ஒரு நாள் முழுதும் ஓடினால் 0.864 டி.எம்.சி. ஆகும்.

ரீசார்ஜ் கைபேசியில் பணம் ஏற்றுவது. கிணற்றுத் தாளில் நிலத்தடி நீர் செறிவூட்டல். சர்சார்ஜ் வரித்தாளில் கூடுதல் வரி. கூட்டுறவுச் சங்கத் தாளில், 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 87-ஆவது பிரிவின்படி, இழப்பை ஏற்படுத்தியவரிடமே வசூலிக்கும் தண்டத்தீர்வை. பின்னதைக் கூடுதல் வரி என்று எழுதினால் அந்தத் தாளின் கடுமை முழுவதும் மறைந்துபோகும்.

12. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது

நம் பேச்சில் உள்ள சார்ஜை அப்படியே ஆங்கிலத்தில் வைக்கலாகாது. ஏற்காட்டுக்குப் பஸ் சார்ஜ் என்று நாம் சொல்வதற்கு ஆங்கிலத்தில் ஃபேர் என்ற தனிச் சொல் இருக்கிறது; பள்ளிக்கும் நீதிமன்றத்துக்கும் கட்டுவதற்கு ஃபீ. நாமக்கல்லுக்கு மாற்றப்பட்டவர் சார்ஜ் எடுத்துவிட்டார் என்பது மட்டும் மாற்றமின்றிப் பொருந்தும்.

13. கொடுக்கும் முன் செய்ய வேண்டிய சரிபார்ப்பு

தமிழாக்கத்தை மட்டும் வேறொருவரிடம் கொடுத்து, வட்டமிட்ட இடங்களில் யார் எதை யாருக்குச் செய்ய வேண்டும் என்று சொல்லச் சொல்ல வேண்டும். அவர் சொல்வது உங்கள் ஓரக் குறிப்போடு ஒத்துப்போக வேண்டும். ஆங்கிலம் அறிந்தவரிடம் மூலத்தோடு சேர்த்துக் காட்டினால் பயனில்லை; அவர் மூலத்தைப் படித்துத் தமிழில் உள்ள பள்ளத்தைத் தாமே நிரப்பிக்கொள்வார்.

இரண்டு பொருளும் பொருந்தி, தாளை எழுதியவரிடம் கேட்கவும் வழியில்லாத இடத்தில், சார்ஜ் என்றே தமிழ் எழுத்தில் வைத்து, இரு பொருளையும் அடிக்குறிப்பில் எழுதிவிட வேண்டும். சொத்துத் தாளாக இருந்தால் அந்த அடிக்குறிப்பை வாங்குபவரும் அவருடைய வழக்கறிஞரும் படித்தபின்தான் முன்பணம் கைமாறலாம் என்று வாயாலும் சொல்லிவிடுவது வழக்கம்.